நாற்காலியோடு எழும்பிய ஹார்லன் டப்ஸ்

நல்ல சீட்டு வந்தால் ஹார்லன் டப்ஸ் நாற்காலியோடு நாலு விரல் உயரம் எழும்பிவிடுவார். லாஸ் வேகாஸில் சில்வர் ஸ்பர் விடுதி போக்கர் சாம்பியன் போட்டியை ஆரம்பித்த 1971லேயே எழும்பினார். அந்த வருடம் ஆடியது ஏழே பேர், எல்லோரும் டெக்சாஸ்காரர்கள். மனிதர் நிமிர்ந்து உட்காருகிறார் என்று விட்டுவிட்டார்கள். மறு வருடம் கூட ஆடிய கிளீட்டஸ் மேபரி தவறவிட்ட பந்தய வில்லை ஒன்று ஹார்லனின் நாற்காலிக் காலுக்கு அடியில் தடையில்லாமல் உருண்டு போனது. எதிராளியின் தொண்டை அசைவதை வைத்து அவன் கையிலுள்ள சீட்டைக் கணிக்க ஆயுசு போதாத ஆட்டம் இது. இவரோ தண்டோரா போட்டுவிட்டு ஆடினார். அன்று முதல் அவர் கிளம்பினால், "அண்ணன் புறப்பட்டாச்சு, சீட்டப் போடுங்கப்பா" என்பார் கிளீட்டஸ். மேஜையில் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பாவம், ஹார்லன் பன்னிரண்டு வருடம் இப்படியே தோற்றார்.

பூட்சுக்குள் ஈயம் வைத்துப் பார்த்தார், ஈயமும் எழும்பியது. இடுப்பு வாரால் மேஜைக் காலோடு கட்டிக்கொண்டார், மேஜை எழும்பியது. போட்டிக் குழு மூன்று நாள் கூடிப் பேசி, எழும்புவது குற்றமல்ல, அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்ப்பதுதான் குற்றம் என்று விதிப்புத்தகத்தில் சேர்த்தது. ஆட வருகிறவர்கள் ஏழு பேரிலிருந்து இருநூறு ஆனார்கள். ஹார்லனின் மனைவி ஓபல் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. அவள் லப்பக் ஊர் பாப்டிஸ்ட் சபைக்காரி. சீட்டைத் தொடுவதே பாவம் அவளுக்கு. 1984 மே மாதம் அவர் பெட்டி கட்டும்போது, "இந்தத் தடவ தோத்தா ஒண்ணு சீட்ட விடு, இல்ல என்ன விடு" என்றாள்.

இரண்டில் எதையும் விட்டுவிட அவருக்கு மனமில்லை. அந்தத் துக்கத்தில் நாலு ஆஸ் வந்தும் அவர் எழும்பவில்லை. தரையோடு உட்கார்ந்திருக்கிறாரே என்று நம்பிப் பந்தயம் கட்டியவர்களெல்லாம் மொட்டையாகிப் போனார்கள். கடைசி நாள் மத்தியானம் மிஞ்சியது கிளீட்டஸும் அவரும்தான்.

எப்படியும் தோற்றிருப்பார், கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஓபல் பஸ் ஏறி வந்திருந்தாள். சபைக்குப் போடும் மஞ்சள் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஹார்லன் தன் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கூரை விளக்கு வரை போய்விட்டார்.

கையில் இரண்டு ராணி வைத்திருந்த கிளீட்டஸ், "இது நாலு விரல் சீட்டு இல்லடா சாமி" என்று கவிழ்த்துவிட்டார். ஹார்லன் இறங்கவில்லை. அடுத்தடுத்த சீட்டைக் கழியில் வைத்து மேலே நீட்டினார்கள். அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிளீட்டஸ் ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே போக, ஆடினாலும் ஆடாவிட்டாலும் வைத்தே தீர வேண்டிய கட்டாயப் பந்தயம் அவருடைய வில்லைகளை அரித்துத் தீர்த்தது. மூன்றரை மணிக்கு ஹார்லன் சாம்பியன். எதிராளி கவிழ்த்துவிட்டால் ஜெயித்தவன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பது போக்கர் வழக்கம். அதனால் கிளீட்டஸ் சாகும்வரை தான் கெட்டிக்காரத்தனமாக ஒதுங்கியதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பும் வழியில், கிங்மேன் ஊரைத் தாண்டியதும் ஓபல் கேட்டாள்.

"அப்படி என்னதான் சீட்டு வந்துச்சு?"

"ஏழும் ரெண்டும். அதவிடக் கேடுகெட்ட சீட்டு கட்டுலயே கிடையாது."

"அப்புறம் எதுக்குப் பறந்த?"

"நீ வந்து உக்காந்திருந்தியே."

ஓபல் மஞ்சள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். ஹார்லன் உட்கார்ந்து ஓட்டிய இடதுபக்கச் சக்கரங்கள் ரோட்டுக்கு ஒரு சாண் மேலே போய்க்கொண்டிருந்தன. ஓபல் பக்கம் இன்னும் கொஞ்சம் உயரம். அதனால் லப்பக் போய்ச் சேரும்வரை வண்டி இடதுபக்கம் சாய்ந்தேதான் ஓடியது.