வாடைக் காற்றில் ஓடிய மொரிஸ் மைனர்

1974ஆம் ஆண்டு ஆனி மூன்றாம் திகதி நிலாவெளி லாபிரின் மொரிஸ் மைனர் கார் பெற்றோல் இல்லாமல் வெறும் காற்றில் ஓடியது. பேக்கரி வாசலில் பாண் கியூவில் நின்றவர்களே கியூவை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். துறைமுகத்தில் சுழியோடிகளின் சிலிண்டர்களுக்குக் காற்றடைக்கும் மெசினோடு பதினெட்டு வருசம் கிடந்தவன் லாபிர். பெற்றோல் விலை ஏறியபோது, அங்கே கழித்துப்போட்ட ஆறு சிலிண்டர்களைக் கேட்டு வாங்கிவந்து காரின் பின்பெட்டியில் பூட்டினான். பனை உச்சியில் பழைய தோணிப்பாயால் ஒரு பெரிய புனலைக் கட்டி அதிலிருந்து குழாய் இறக்கினான். அந்த மாதத்துக் கச்சான் காற்று ஒரு மணித்தியாலத்தில் ஆறையும் நிரப்பியது. புகையில்லை, நாற்றமில்லை, உஸ் என்ற சத்தத்தோடு கார் வடக்கே குச்சவெளிக்குப் பறந்தது. அன்றைக்கு ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

திரும்பி வரத்தான் ஏலவில்லை. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வீசும் கச்சான், சிலிண்டருக்குள் அடைபட்டாலும் தன் திசையை விடவில்லை. தெற்கே திருப்பினால் கார் சீறிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. நிலாவெளியில் தோணியில் பாய் விரிக்கிற எவனும் இதை முதலே சொல்லியிருப்பான். காற்றை மூடிய அறைக்குள் மட்டுமே கண்ட லாபிர் யாரையும் கேட்கவில்லை. கடைசியில் மாடு கட்டித்தான் காரை இழுத்துவந்தார்கள். ஊர் சிரித்தது, அவன் மனைவி றம்ஸியா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது எட்டு மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் மூச்சில்லாமல் பிறந்தவை. மூன்றாவதைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பஸ்ஸோ நினைத்த நாளில்தான் வந்தது.

"மச்சான், எனக்கு வடக்க ஒரு வேலையுமில்ல," என்றாள் றம்ஸியா. "ஆஸ்பத்திரி தெற்கயெல்லோ இருக்கு."

தெற்கே போக, வடகிழக்கிலிருந்து மழையோடு வரும் வாடை வேண்டும். வாடை ஐப்பசிக்குப் பிறகுதான் வீசும். லாபிர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது கரைவலைச் சம்மாட்டி மஹ்ரூப் வந்தார். தன் வலையின் மிதப்புகளெல்லாம் போன மார்கழியில் காற்றடித்த லொறி ரியூப்கள், அவற்றுக்குள் இருப்பது வாடை என்றார். மீன் நன்றாகப் படுகிற காலத்தில் மிதப்பில்லாத வலையை வைத்து என்ன செய்வது என்று அவருடைய ஆட்கள் கேட்டார்கள்.

"வலை ஒரு மாசம் கரையில கிடக்கட்டும்," என்றார் மஹ்ரூப். "புள்ள கிடக்க ஏலாது."

அதன்பிறகு ஊருக்கே பைத்தியம் பிடித்தது. எந்தச் சைக்கிளுக்கு எப்போது காற்றடித்தது என்று வீடு வீடாக விசாரணை நடந்தது. தபால்காரர் குணரத்தினம், மார்கழியில் அடித்த இரண்டு சில்லுக் காற்றையும் கொடுத்துவிட்டு, நடந்துபோய்க் கடிதம் கொடுத்தார். மார்கழியில் காற்றடித்த பள்ளிக்கூடத்து உதைபந்து கடைசியாக வந்து சேர்ந்தது. சிலிண்டர்கள் நிறைந்துவிட்டதால் லாபிர் அதைப் பின்சீற்றில் போட்டுவைத்தான்.

ஆடி பத்தாம் திகதி பகல் வலி வந்தது. கார் கச்சானுக்கு எதிரே ஒன்பது மைலையும் இருபது நிமிடத்தில் ஓடியது. அது பின்னால் விட்டதெல்லாம் மார்கழி வாடை என்பதால், றோட்டின் அகலத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரி வாசல்வரை மழை பெய்தது. இரண்டு பக்கமும் புழுதி பறந்துகொண்டிருந்தது. பெண் பிள்ளை பிறந்தது. அழவில்லை. நேர்ஸ் முதுகில் தட்டினாள், காலில் சுண்டினாள். பிள்ளை நீலம் பாய்ந்துகொண்டே போனது. லாபிர் யாரையும் கேட்காமல் பின்சீற்றில் கிடந்த உதைபந்தோடு உள்ளே ஓடி, அதன் வாயைப் பிள்ளையின் மூக்கடியில் பிடித்துத் திறந்தான். உஸ் என்றது. பிள்ளை வீரிட்டு அழுதது. றம்ஸியா அழுதாள், லாபிர் அழுதான், நேர்ஸும் அழுதாள். பிரசவ அறையின் ஓட்டின்மேல் மழை கொட்டியது.

பிள்ளைக்கு லைலா என்று பெயர் வைத்தார்கள். லாபிர் கச்சானை மூன்று சிலிண்டரிலும் வாடையை மூன்று சிலிண்டரிலும் அடைத்து, போகவும் வரவும் பல வருசம் கார் ஓட்டினான். லைலா அழும்போதெல்லாம் அவர்கள் ஒழுங்கையில் மழை பெய்தது. 1981இல், ஏழு வயதில், எங்கேயாவது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அவள் உதட்டைப் பிதுக்கினால், பக்கத்து வீட்டார் வெயிலில் காயும் கருவாட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்துதான் என்ன நடந்தது என்று கேட்பார்கள்.