கரண்ட் குடிக்கிற ஆள்

வந்தவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை. ஸ்டூல் எடுக்கக் கராஜுக்குள் போன திமானா, இரண்டு கையிலும் இரண்டு ஸ்டூலோடு அங்கேயே நின்றுவிட்டாள். எதிர்ச்சுவர் முழுக்க அப்பாவின் பென்சில் எழுத்து. தேதி, பக்கத்தில் ஒரு எண். மறுபடி தேதி, மறுபடி எண், நடுநடுவே ஓரிரு சொல். இடுப்பு உயரத்தில் தொடங்கிக் கை எட்டும் உயரம் வரைக்கும்.

இந்தச் சுவரைத்தான் அவள் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். முதியோர் இல்லத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது திமானாதான். ஐந்து வாரம்கூட ஆகவில்லை, நேற்று காலை அங்கிருந்து போன் வந்துவிட்டது. இப்போது ஸ்தோயில், அவள் அப்பா, நடு அறையில் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருக்கிறார். இரண்டு மணிக்குப் பாதிரியார் வருவார்.

“ஸ்டூலை இப்படிக் குடு பொண்ணே,” என்று பின்னாலேயே வந்தார் வெல்கோ. பக்கத்து வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். இரண்டு வருஷமாக ஸ்பெயினில் மகள் வீட்டில் இருந்துவிட்டுச் செய்தி கேட்டு ஓடி வந்திருந்தார். அவர் கண்ணும் சுவரில் போய் நின்றது.

“இது என்னது?”

“அதான் மாமா, அப்பாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு சொன்னேன்ல. ராத்திரியில யாரோ வந்து கார்ல கரண்டைக் குடிச்சிட்டுப் போறான்னு ஒரே புலம்பல். மாசம் ஒரு தடவை சந்தைக்குப் போற கார். சும்மா நின்னா பேட்டரி இறங்கத்தானே செய்யும்? சொன்னா கேட்டாத்தானே.”

வெல்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரை நெருங்கினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். “பேட்டரிக் கம்பி மாட்டி, பன்னெண்டு புள்ளி ஆறு வோல்ட். மறுநாள் புள்ளி அஞ்சு. ஆறாம் நாள் பன்னெண்டு புள்ளி ஒண்ணு. கம்பி கழட்டி, புள்ளி ஆறு. ஆறாம் நாளும் அதே புள்ளி ஆறு.” திரும்பி அவளைப் பார்த்தார். “ஏம்மா, புத்தி தடுமாறுனவன் எழுதுற எழுத்தா இது? எங்க டிப்போவுல இவ்வளவு ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடக் கிடையாது.”

“அப்படின்னா?”

“கழட்டி வெச்சா இறங்கல. மாட்டி வெச்சா இறங்குது. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. வண்டிக்குள்ளதான் எதுவோ குடிக்குது. உங்கப்பன் சரியாத்தான் சொல்லியிருக்கான்.”

திமானா ஸ்டூல்களைக் கீழே வைத்தாள். அப்பா தெளிவாகத்தான் இருந்தார் என்றால், தெளிவாக இருந்த மனுஷனையா அவள் கொண்டுபோய் அங்கே விட்டாள்? அதை அவள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். மண்ணைப் போட்டு மூடியபிறகு தெரிந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

“பார்த்துடலாம் மாமா. இப்பவே.”

அப்பாவின் ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பானெட்டைத் தூக்கினார்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி கழட்டப்பட்டு, அதன் நுனியில் ஒரு பழைய காலுறை சுற்றியிருந்தது. இல்லத்துக்குக் கிளம்பிய அன்று, “பத்து நிமிஷம் இரு, வர்றேன்,” என்று அவர் கராஜுக்குள் போனார். அவள் வாசலில் தன் காரில் உட்கார்ந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். இதற்காகத்தான் போயிருக்கிறார்.

“அடியே!” வாசலில் பென்கா அத்தை, அப்பாவின் தங்கை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “பொணம் வீட்டுல கிடக்கையில ஊசிகூட எடுக்கக் கூடாது. நீ ஸ்பேனரைத் தூக்கிட்டு நிக்கிற! ஊர் என்ன பேசும்?”

“ஊசியைத்தானே எடுக்கக் கூடாது பென்கா. இது பத்தாம் நம்பர் ஸ்பேனர்,” என்றார் வெல்கோ.

“உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்யா. அங்க சாவுக்கு அவிச்ச கோதுமைக்கு யாரு சர்க்கரை தூவுறது?”

“அத்தை, ஒரு அரை மணி நேரம். உங்க கால்ல விழறேன்.”

குரலில் என்ன இருந்ததோ, அத்தை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

வெல்கோ அப்பாவின் மீட்டரை எடுத்து, அதன் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையைக் கழட்டிய கம்பியிலும் பிடிக்க வைத்தார். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியுமே என்று அதன் சுவிட்சை அமுக்கி டேப் ஒட்டினார். “எல்லாம் அடங்கட்டும். கொஞ்ச நேரம் ஆகும்.” இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து பெண்கள் அழும் சத்தம் எழுந்து அடங்கியது. எண் நூற்று எண்பதில் வந்து நின்றது.

“நூத்தி எண்பது மில்லி ஆம்பியர். அம்பதுக்குள்ள இருந்தா ஒண்ணுமில்ல. இப்படிக் குடிச்சா ரெண்டு வாரத்துல வண்டி செத்துப்போகும். போ, போய் ஃபியூஸை ஒண்ணொண்ணாப் புடுங்கு.”

அவள் ஓட்டுநர் இருக்கையில் குனிந்து புடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரே குரல்தான். நூத்தி எண்பது. நூத்தி எண்பது. ஏழாவதைப் புடுங்கியதும் வெல்கோ கத்தியேவிட்டார்.

“இருபது! அதேதான்! அது பின்னால எந்த ஒயர் போகுதுன்னு பாரு!”

அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போன கைக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி தட்டுப்பட்டது. அதை வெளியே இழுக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இது வண்டியோட வந்தது இல்லையே,” வெல்கோ எட்டிப் பார்த்தார். “எவனோ பின்னால மாட்டியிருக்கான்.”

“நான்தான் மாமா.”

அப்பா ஒரு நாள் வழி தவறி, ஐந்து மணி நேரம் தாமதமாக வீடு வந்து சேர்ந்த வருஷம் அது. கண் ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவருக்குத் தெரியாமல், கார் எங்கே இருக்கிறது என்று போனில் ஒரு புள்ளியாகக் காட்டும் கருவியை மாட்ட வைத்தாள். கொசு குடிக்கிற அளவுதான் கரண்ட் எடுக்கும் என்றான் மாட்டியவன். நாலு மாதம், தான் வசிக்கும் சோஃபியா நகரத்தில் இருந்துகொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்தாள். மாதம் ஒரு சந்தை நாள் தவிர அது கராஜிலேயே நின்றது. பிறகு போனை மாற்றினாள், அதோடு மறந்தும் போனாள்.

“நல்ல எண்ணத்துலதானே செஞ்ச,” என்றார் வெல்கோ.

“ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல சொன்னாரு மாமா. யாரோ குடிக்கிறாம்மா, யாரோ குடிக்கிறாம்மான்னு. நான் மாத்திரை போட்டீங்களாப்பான்னு கேட்டேன்.” அவள் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வெல்கோ மீட்டரின் ஒயர்களைச் சுருட்டினார். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

பாதிரியார் வந்து தூபம் காட்டி முடித்தார். மூடி போடுவதற்கு முன் ஒவ்வொருவராகக் குனிந்து, நெற்றியைத் தொட்டு, “மன்னிச்சிடு ஸ்தோயில்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வேலித் தகராறில் ஆறு வருஷம் பேசாதவன் சொன்னான். அவரைப் பார்த்தே இராத, சொந்தக்கார வீட்டு மருமகப்பிள்ளைகள் சொன்னார்கள். எல்லாச் சாவிலும் எல்லோரும் சொல்வதுதான்.

திமானாவுக்கு அந்தச் சொல் வரவில்லை. அப்பாவின் காதோரம் குனிந்தாள்.

“நூத்தி எண்பதுப்பா,” என்றாள். “நீங்க சொன்னது சரி. குடிச்சது நான்தான்.”

எழுந்திருக்கும்போது அவர் காலரை நேராக்கினாள். கழுவ மறந்த விரல். வெள்ளைக் காலரில் கறுப்பாக மசகுக்கறை விழுந்தது. பென்கா அத்தை பதறிப்போய்த் தலைத்துணியின் நுனியை எச்சிலில் நனைத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் திமானாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். துடைக்காமல் நிமிர்ந்து, மூடியைப் பிடித்திருந்தவர்களுக்கு வழிவிட்டாள்.