பச்சரிசி தின்ற பொண்ணு

லட்சுமியம்மாளுக்கு மழையின் மேல் அப்படியொரு கோபம். ரெண்டு வருஷமாய் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மழை, மகன் அய்யப்பன் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. விடிந்தும் விட்டபாடில்லை. பந்தல் ஒழுகியது. வாசலில் போட்ட கோலம் போன இடம் தெரியவில்லை. சமையல்காரர் சின்னராசு ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். எப்போதும் எதிரிலேயே நிற்கும் கல்வராயன் மலையைக்கூடக் காணோம்.

மலையைக் காணாவிட்டால் போகிறது, பொண்ணையும் காணோம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் பொண்ணழைத்து வந்திருக்க வேண்டும். ரிஷிவந்தியத்துப் பக்கமிருந்து டிராக்டரில் கிளம்பிவிட்டார்கள் என்று மட்டும் தகவல் வந்தது. அதற்குள் மறியல்காரர்கள் கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஆவணியில் இதுதான் கடைசி முகூர்த்தம். தவறினால் புரட்டாசி முழுக்கக் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் ஊர் வாய் சும்மா இருக்குமா? ராசியில்லாத பொண்ணு என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே நடக்காது.

"எல்லாம் அவளாலதான்," என்றாள் லட்சுமியம்மாள் கணவர் ராஜாங்கத்திடம். "பச்சரிசி தின்னுருப்பா. அதான் இந்த ஊத்து ஊத்துது."

பச்சரிசி மெல்லும் பிள்ளைகளுக்குக் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்பது அவள் வீட்டுச் சட்டம். மகள் செந்தமிழ்ச்செல்வி அரிசிப் பானைப் பக்கம் கையை நீட்டினாலே பட்டென்று ஓர் அடி விழும்.

"நீ கம்முனு இரு. ஐயர் காதுல வுழப் போவுது," என்றார் ராஜாங்கம்.

ஐயர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவர் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. முகூர்த்தம் பாதி கழிந்துவிட்டது. அய்யப்பன் மணையில் தனியாக உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தெருக்கோடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு கூட்டம் சேற்றில் வந்தது. சீர்த்தட்டுகளை யாரென்றே தெரியாத இளவட்டங்கள் தூக்கி வந்தார்கள்.

"வெட்டிப்போட்ட மரத்தாண்டயே டிராக்டரு நின்னுபோச்சு, சம்பந்தி," என்றார் பொண்ணின் அப்பா வீரமுத்து. "விடிஞ்சதும் நடையைக் கட்டிட்டோம். மறியல் பண்ண புள்ளைங்களே, கல்யாணப் பொண்ணு மழைல போறாளேன்னு தட்டத் தூக்கிக்கினு வந்துட்டாங்க."

நடுவில் பொண்ணு பச்சையம்மாள். முழங்கால்வரை சேறு. கட்டியிருந்த நூல்சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கல்யாணப் பட்டுச்சேலையை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். அழுத முகத்தோடு ஒருத்தி வருவாள், திட்டவும் வேண்டும், தேற்றவும் வேண்டும் என்று நினைத்திருந்த லட்சுமியம்மாளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்தப் பெண் களைத்திருந்தாள், ஆனால் சலிக்கவில்லை. பந்தலுக்குள் வந்த பிறகும் ஓர் உள்ளங்கையை வெளியே நீட்டி மழையை ஏந்திக்கொண்டிருந்தாள்.

"நீ பச்சரிசி தின்னியா?" நாக்கில் தயாராயிருந்தது அதுதான், அதுவே வந்துவிட்டது.

"தின்னேங்க அத்த. பரிசம் போட்ட நாள்லேர்ந்து தெனம் தின்னேன்."

"இன்னாத்துக்கு?"

"எங்க ஊரு ஏரி காஞ்சு கெடக்குதுங்க. மாட்டுக்குக் காட்டக்கூடத் தண்ணி இல்ல. கல்யாணப் பொண்ணு தின்னா மழ வரும்னு வூட்டுக்கு வூடு கூப்ட்டு ஒரு புடி குடுத்தாங்க. வவுறு வலிக்கும், ஆனாலும் தின்னுடுவேன். இப்ப பாருங்க, வழியெல்லாம் வாய்க்கால்ல தண்ணி ஓடுது. ஊரு ஓரமா ஒங்க கெணறுன்னு அப்பா காட்டுனாரு. அதுலயும் சலசலன்னு எறங்கிக்கினு இருக்குது அத்த."

லட்சுமியம்மாள் கிணறு இருந்த திசையைப் பார்த்தாள். அந்தக் கிணறு வற்றித்தான் அவர்கள் கரும்பில் பாதி காய்ந்தது. முந்தின சாயங்காலத்திலிருந்து அந்தக் கரும்பின் மேலும்தான் மழை பெய்கிறது. அவளோ கோலத்துக்காக அழுதுகொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் தள்ளிக்கொண்டு சந்தோஷம் வந்தது. ஓர் ஊர் தாகத்தையே வயிற்றில் வாங்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாளே இந்தப் பொண்ணு என்று அவளையே பார்த்தாள்.

"நேரமாவுதுங்க," என்றார் ஐயர்.

லட்சுமியம்மாள் மருமகளை உள்ளே இழுத்துப்போய்த் தன் முந்தானையாலேயே தலை துவட்டி, பட்டைக் கட்டிவிட்டாள். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது. உறவுக்காரர்கள் பாதிப் பேர் வர முடியவில்லை. மறியல்காரப் பிள்ளைகள் அவர்கள் இலைக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். பந்தல் ஒழுகி ரசத்தில் விழுந்ததை யாரும் குறை சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் லட்சுமியம்மாள் சீர்த்தட்டிலிருந்து பச்சரிசியை ஒரு பிடி அள்ளினாள். மகளைக் கூப்பிட்டு, "கைய நீட்டு," என்றாள். செந்தமிழ்ச்செல்வி பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அடிக்க மாட்டேன். இந்தா, தின்னு," என்றாள் லட்சுமியம்மாள். "ஒன் கல்யாணத்துக்கும் இதே மாரி ஊத்தணும்."