பெல்ட் போட்ட வைக்கோல் ஆள்

1

உண்மையில் நான் பார்த்தது இவ்வளவுதான். பூதலூர் வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பாதி கட்டிய கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி விளிம்பில் திருஷ்டி பொம்மை நின்றது. பழைய சட்டை பேன்ட்டுக்குள் வைக்கோல் அடைத்த வழக்கமான பொம்மைதான். ஆனால் தலையில் மஞ்சள் ஹெல்மெட். தோளிலும் தொடையிலும் வார் ஓடுகிற புத்தம்புதுப் பாதுகாப்பு பெல்ட். கீழே சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்த கொத்தனாரோ தலையில் துண்டு மட்டும் கட்டியிருந்தார்.

பஸ் திரும்பிவிட்டது. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் வரிக்காகச் செய்த முயற்சிகள்:

காவிரியில் தண்ணீர் வந்த அன்று மங்களாம்பிகை—

[வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை என்றால் முதல் வரியிலேயே தண்ணீர் வந்துவிடுகிறது. இந்தக் கதைக்குச் சிமென்ட் குழைக்கிற தண்ணீர் போதும். அது போர்வெல்லில் வருகிறது.]

பாலத்தின் மேல் பனி பெய்துகொண்டிருந்தது. மங்களாம்பிகை தன் கோட்டை—

[இது நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து நழுவி விழுந்தது. மன்னிக்கவும்.]

மங்களாம்பிகைக்கு அலுப்பாக இருந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

3

மங்களாம்பிகை கட்டட காண்ட்ராக்டர். பெரிய காண்ட்ராக்டர்களிடமிருந்து வேலை வாங்கிக் கட்டிக் கொடுப்பவள். சீர்காழியிலிருந்து பூதலூர் வரை அவள் எழுப்பிய சுவர்கள் நிற்கின்றன. எதன் முன்னாலும் அவள் பெயர் போட்ட பலகை நின்றதில்லை. கீழ்வேளூரில் நெல் கிடங்கு கட்டப்போகும் ஒரு கம்பெனி, பாதுகாப்புத் தகுதிச் சான்று வாங்கிவிட்டால் வேலையை நேரடியாக அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. பலகையில் அவள் பெயரே இருக்கும்.

அதற்காக முதலுதவிப் பெட்டி வாங்கினாள். குழியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினாள். எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்தாள். உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவர் கொத்தனார் ரெத்தினம் ஒருவர்தான் என்பதால் பெல்ட் ஒன்று.

(எழுதும்போதே கொட்டாவி வருகிறது. சான்று வாங்குவதை யாரும் காவியமாக்காததற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவளும் இதே கொட்டாவியோடு அந்த விதிகளைக் கடைசி வரை படித்தாள். அதனால் நானும் எழுதுகிறேன்.)

4

சான்றுக்காக அவளுடைய பூதலூர் கட்டடத்தைப் பார்க்க ஆய்வாளர் ஜாஃபர் சாதிக் திருச்சியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். அவரும் களைத்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், நாடாவை இழுத்துப் பார்த்தார். பிறகு சாலையில் நின்று, நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"பரவாயில்லையேம்மா. தொடை வாரைக்கூட மாட்டியிருக்காரு. எல்லாரும் அதைத்தான் விட்டுடுவாங்க."

மங்களாம்பிகையும் பார்த்தாள். விளிம்பில் பெல்ட்டோடு நின்றது திருஷ்டி பொம்மை.

[முதலில் ஆய்வாளருக்குப் பார்வைக் கோளாறு என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எதிர்வெயில் போதும். தூரத்திலிருந்து ஆளாகத் தெரியத்தானே அந்தப் பொம்மையைச் செய்வது?]

"தொழிலாளி ஒருத்தர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டா முடிஞ்சுது. அவரையே எறங்கி வரச் சொல்லுங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்."

அவர் எதிர்க்கடைக்குப் போனார். அவள் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள். ரெத்தினம் கலவையைப் புரட்டிக்கொண்டிருந்தார். சித்தாள் செந்தாமரை சட்டியோடு நின்றாள்.

"அண்ணே, பெல்ட்டை ஏன் பொம்மைக்குப் போட்டீங்க? உங்களுக்குத்தானே வாங்குனேன்!"

"எனக்குப் போட்டா எனக்கு மட்டுந்தாம்மா காவல். அதுக்குப் போட்டா நம்ம எல்லாருக்கும் காவல். அடுத்த தெருவுல ஒரு ஆளு விழுந்தானே, அங்க பொம்மையே கட்டல, தெரியும்ல?"

"சூடமெல்லாம் காட்டியாச்சுக்கா," என்றாள் செந்தாமரை.

"அவரு அதோட பேசணுங்கிறாருடி!"

"பேசட்டுமே. கேட்டா பதில் வராது, அவ்வளவுதானே? எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான். நான் குடும்பம் நடத்தல?"

மங்களாம்பிகைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்த ரெத்தினம் கரண்டியைக் கீழே போட்டார்.

"நீங்க கலங்காதீங்கம்மா. இப்படியே பின்சாரத்துல ஏறி, அதைக் கழட்டி மாட்டிக்கிட்டு, முன்பக்கமா எறங்கி வர்றேன். பெல்ட் போட்ட ஆளுதானே அவருக்கு வேணும்? நாந்தான் அந்த ஆளு."

மாடிப்படி இன்னும் கட்டவில்லை. மேலே போகச் சாரம்தான் வழி.

"ராத்திரி பேஞ்ச மழையில சவுக்குக் கம்பெல்லாம் ஊறிக் கெடக்குண்ணே," என்றாள் செந்தாமரை. இப்போது அவளும் சிரிக்கவில்லை.

அதற்குள் அவர் முதல் குறுக்குக் கம்பில் கால் வைத்துவிட்டார்.

5

இந்த இடத்தில் கதை நின்றுபோனது. இருப்பது ஒரே பெல்ட். அது இருப்பது விளிம்பில். அதை எடுக்க ஒருவர் பெல்ட் இல்லாமல் அந்த விளிம்புக்குப் போக வேண்டும். சத்தியமாக நான் திட்டமிட்டு இதை வைக்கவில்லை.

ஒரு முடிவு: ரெத்தினம் பெல்ட்டோடு இறங்கி வருகிறார். கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். சான்று கிடைக்கிறது. கீழ்வேளூரில் பலகை ஏறுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மங்களாம்பிகைக்கு வைக்கோல் வாசனை வருகிறது.

இன்னொன்று: அவள் அவரை இறக்கிவிட்டு, ஜாஃபர் சாதிக்கிடம் உள்ளதைச் சொல்கிறாள். அவர் எழுதியதை அடித்துவிட்டு அடுத்த ரயிலுக்குக் கிளம்புகிறார். கிடங்கு எழும்புகிறது. பலகையில் வேறு யாருடைய பெயரோ.

மூன்றாவது: ஊறிய கம்பில் ரெத்தினத்தின் இடது கால்—

[எழுத மாட்டேன். நான் படித்த நாவல்களில் இந்த இடத்துக்கு யாரையாவது விழவைத்துவிடுவார்கள். என்னால் முடியாது. ஆனால் நான் எழுதாததால் கம்பு காய்ந்துவிடப்போவதில்லை.]

மங்களாம்பிகை எப்படிப்பட்டவள் என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். ஒரு பிரதியில் சும்மா நின்றாள். ஒரு பிரதியில் கத்தினாள். இரண்டிலும் அவளை நம்பினேன். அதுதான் தொல்லை.

6

ஜாஃபர் சாதிக் டம்ளரை வைத்துவிட்டு, லாரி ஒன்று போகட்டும் என்று சாலையோரம் நிற்கிறார். ரெத்தினம் முதல் மாடியைத் தாண்டிவிட்டார். செந்தாமரை சாரத்தின் அடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதனால் ஏதோ ஆகப்போவதுபோல.

மங்களாம்பிகையின் வாயில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, "இதோ வந்துட்டாரு சார்." மற்றது, "அண்ணே, எறங்குங்க."

எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் சொல்வதை அவள் சொல்வாள். எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள்.

அவர் ஏறிக்கொண்டிருக்கிறார்.