மெழுகுவத்தி இறங்கும் கோடு

“நேத்து மாதிரி இன்னைக்கும் பாதியில அணைஞ்சா, நான் இருட்டுல யாரைப் பார்த்து அழறது?”

“நீங்க அழ வேண்டாம் அண்ணி, நானே அழறேன். அண்ணன் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார்.”

நாடகக் குழுவில் இந்த நாத்தனாருக்கு அளவுகோல் என்று பட்டப்பெயர். மேடைச் சாமான்கள் அவள் பொறுப்பு. அண்ணன் இயக்குநர், அண்ணி கதாநாயகி. கடைசிக் காட்சியில் அண்ணி பேசி முடிக்கும் சொல்லோடு மெழுகுவத்தி தானாக அணைய வேண்டும் என்பது அளவுகோலின் ஆசை. நேற்றைய ஒத்திகையில் அது வெகு முன்னாலேயே கண்ணை மூடிவிட்டது. இன்று அரங்கேற்றம். தவறினால் நாளையிலிருந்து பேட்டரி விளக்குதான் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒப்பனை அறைக் கதவில் வரைபடத்தாள் ஒட்டியிருந்தது. கீழே நிமிடங்கள், இடப்பக்கம் உயரம். எட்டு சென்டிமீட்டரில் தொடங்கிய கோடு, பத்து நிமிடத்துக்கு இரண்டு வீதம் சரிந்து, நாற்பதில் அடியைத் தொட்டது. காட்சியும் நாற்பது நிமிடம்தான். இதே அறையில் எரித்து எடுத்த கணக்கு. எங்கே பிசகியது?

“முதல்ல அந்த மேடை ஃபேனை ஒழிச்சுக் கட்டு. முடியெல்லாம் வாய்க்குள்ள போகுது” என்றாள் அண்ணி, புருவம் தீட்டியபடி.

“அண்ணி! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!”

“ஏற்கெனவே முடி இருக்கு, வேண்டாம்.”

அளவுகோல் மேடைக்கு ஓடினாள். ஃபேன் காற்றில் ஒரு மெழுகுவத்தியைப் பத்து நிமிடம் எரிய விட்டாள். மூன்று சென்டிமீட்டர் காணோம்! இங்கே கோட்டின் சரிவு இன்னும் அதிகம். எட்டில் தொடங்கினால் இருபத்தேழு நிமிடம்கூடத் தாங்காது.

“ஃபேனை நிறுத்திடேன்” என்று வந்து நின்றார் அண்ணன்.

“சனம் வெந்து போயிடும் அண்ணா. சாய்வு காத்தோட இஷ்டம். எங்க தொடங்கறதுங்கறது நம்ம இஷ்டம்.”

வரைபடத்தாளில் இந்தப் புதுச் சரிவை மாற்றாமல் கோட்டை அப்படியே மேலே தூக்கினாள். பன்னிரண்டில் தொடங்கியது நாற்பதில் வந்து இறங்கியது. பன்னிரண்டு சென்டிமீட்டருக்குப் புது மெழுகுவத்தி வெட்டினாள்.

இரவு, திரை ஓரத்தில் அண்ணன் பேட்டரி விளக்கைக் கத்திபோல் பிடித்து நின்றார். மேடையில் சுடர் குட்டையாகி, நீலமாகி, ஒருமுறை நிமிர்ந்தது. அண்ணி கடைசிச் சொல்லைச் சொன்னாள். இருட்டு.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அண்ணன் விளக்கைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு தங்கையின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். அண்ணி தடவித் தடவி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“ஏய் அளவுகோல், நாளைக்கு அரை சென்டி கூட்டி வெட்டேன். கைதட்டறவங்க முகத்தை ஒரு தடவை நானும் பார்க்கணும்டி.”