வெள்ளிக்கிழமைத் துடைப்பம்

மதியம் மூன்று பத்துக்கு அக்காவின் போன் வந்தது. அதுவரைக்கும் பேன்சீப்பு நிம்மதியாகத்தான் இருந்தாள்.

பேன்சீப்பு என்பது ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை பிடிப்பது அவள் வேலை. ஈரைக்கூட விடாமல் வாரி எடுப்பாள். பெயர் வைத்தவனே அவளிடம் நாற்பது பிழைக்குப் பதில் சொன்னவன் என்பதால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸுகளுக்கு அவர்கள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, என்ன மருந்தோடு போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டி முடித்துவிட்டு, அப்புறம் திறந்து காட்டித் தலையில் அடித்துக்கொள்ளும் பழைய வழக்கம் அங்கே கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் செய்வார்கள், காட்டுவார்கள், திட்டு வாங்குவார்கள், திருத்துவார்கள். இதற்குக் கை கொடுத்தது க்ளவுட். ஒரு பட்டனைத் தட்டினால், எங்கேயோ இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டரில் முழுச் செயலிக்கும் ஒரு சோதனை நகல் பத்து நிமிஷத்தில் எழுந்து நிற்கும். அதைப் போட்டு உடைத்துப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் கூடாரத்தைப் பிரிப்பது போலப் பிரித்துவிடலாம்.

பிரிக்கத்தான் ஆளில்லை. "இது மட்டும் இருக்கட்டும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஆளாளுக்கு விட்டுவைத்ததில், எது பழசு எது புதுசு என்றே தெரியாமல் போனது. பேன்சீப்புக்குப் பொறுக்கவில்லை. துடைப்பம் என்று ஒரு நிரல் எழுதினாள். வெள்ளிக்கிழமை நாலு மணி அடித்தால் அது எல்லாச் சோதனை நகல்களையும் பெருக்கித் தள்ளிவிடும். மறுபிரதி கிடையாது.

"ஒண்ணு ரெண்டுக்கு விதிவிலக்கு வைக்கலாமேம்மா" என்று வானிலை கேட்டுப் பார்த்தார். க்ளவுடைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஐம்பது வயது, நிதானமான மனிதர்.

"விதிவிலக்கு வச்சா எல்லாரும் விதிவிலக்குதான் சார்."

அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். துடைப்பத்தை நிறுத்தும் சாவி அவரிடம் மட்டும் இருந்தது. எழுதியவளே நினைத்தாலும் தனியாக அதில் கை வைக்க முடியாது. அந்த விதியும் அவள் யோசனைதான். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் சுலபமாக வரும்.

திங்கட்கிழமை அவள் அன்று எழுப்பிய ஒரு சோதனை நகலின் லிங்க்கை அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். வெளியாட்களுக்குத் தரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆனால் அக்கா வீட்டு நர்சிங் சேவை நடத்துகிறவள். பதினோரு நர்ஸ், நாற்பத்து மூன்று வீடு, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிச் சமாளிக்கிறவள். அபிப்பிராயம் கேட்கத்தான் அனுப்பினேன் என்று பேன்சீப்பு தன்னையே நம்ப வைத்திருந்தாள். நிஜத்தில், நான் செய்ததைப் பார் என்று அக்காவிடம் காட்ட ஆசை. தற்காலிகம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

"அடியே, உன் சமாச்சாரம் பிரமாதம்" என்றாள் அக்கா போனில். "மூணு நாளா உக்காந்து நாப்பத்து மூணு வீட்டையும் அதுல ஏத்திட்டேன். சனி, ஞாயிறு வேலை முழுக்க இனி அதுலதான். பொண்ணுங்க எல்லாருக்கும் லிங்க் அனுப்பியாச்சு. போர்டைக்கூடத் துடைச்சுட்டேன்."

பேன்சீப்பு மணியைப் பார்த்தாள். அன்று வெள்ளிக்கிழமை.

"என்னடி சத்தமே காணோம்? பத்திரமா இருக்கும்ல?"

"பத்திரமா இருக்கும்க்கா" என்றாள்.

அப்படிச் சொல்ல வைத்தது பயம், அவ்வளவுதான். வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, "எந்தங்கச்சி செஞ்சது" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிற அக்காவின் முகம் எப்படி மாறும் என்ற பயம்.

துடைப்பம் ஓட ஐம்பது நிமிஷம் இருந்தது. தகவலை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி அந்தச் செயலியில் இன்னும் வரவில்லை. அடுத்த இரண்டு வார வேலைப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. ஒவ்வொரு வீடாகத் திறந்து கையால்தான் படியெடுக்க வேண்டும். மருந்து, அளவு, நேரம், குறிப்பு என்று ஒரு வீட்டுக்கு நாலு பக்கம். ஆரம்பித்தாள். இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாவது வீட்டில் தப்பாகத் தட்டி அதை முதலிலிருந்து ஆரம்பித்தாள். எதிர் மேஜைக்காரன், "என்ன, பெரிய பேன் மாட்டிக்கிச்சா?" என்றான். சிரித்து வைத்தாள்.

மூன்றரைக்கு, செய்ததைக் காட்டும் கூட்டம். போகாமல் இருக்க முடியாது. மடிக்கணினியோடு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து படியெடுத்தாள். முன்னால் யாரோ புதிய பச்சை நிறப் பட்டனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவள் திரையில் அக்காவின் எழுத்து ஓடியது. 'பெரியவருக்குக் காது கேட்காது. கதவைத் தட்டாதே, ஜன்னல் பக்கம் போய்க் கை காட்டு.' அடுத்த வீடு. 'சர்க்கரை ஊசி, காலை ஆறரை. சாப்பிட்டேன் என்று சொல்லுவார், நம்பாதே.' அதற்கடுத்தது. 'வலது கையில் ரத்தம் எடுக்காதே. காரணத்தைச் சொன்னால் அழுவாள், சொல்லாமல் இடது கையை நீட்டச் சொல்.' பலகையில் இவ்வளவு எழுத இடம் இருந்திருக்காது. இடம் கிடைத்ததும் அக்கா மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறாள். பேன்சீப்புக்குக் கண் எரிந்தது. கையை மட்டும் நிறுத்தவில்லை.

பதினேழாவது வீட்டை முடித்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு.

குழுத் தலைவி நேரம் தவறாதவள். முதுகுக்குப் பின்னால் கடிகாரம் என்பார்கள். தினமும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், தடை ஏதாவது உண்டா என்று மூன்று கேள்வி கேட்பாள். தடையைச் சொல்கிறவர்கள் மேல் கோபப்பட மாட்டேன், மறைக்கிறவர்கள் மேல்தான் கோபப்படுவேன் என்பது அவளுடைய மாறாத வசனம். கூட்டத்தை முடிக்கும்போது அன்றும் கேட்டாள். "யாருக்காவது ஏதாவது தடை இருக்கா?"

"இருக்கு மேடம்" என்று எழுந்து நின்றாள் பேன்சீப்பு. "திங்கட்கிழமை நகல்ல நிஜ நோயாளிங்க இருக்காங்க. எங்க அக்காவுக்கு லிங்க் கொடுத்தது நான்தான். நாலு மணிக்குப் போயிடும்."

வானிலை ஏன், எதற்கு என்று கேட்காமல் எழுந்து ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. க்ளவுடுக்குள் நுழைய அவர் போனுக்கு ஒரு ரகசிய எண் வர வேண்டும். போன் ஆபீஸ் சமையலறையில் சார்ஜில் இருந்தது. திரும்ப ஓடி, எண் வந்து, அதைத் தட்டி, துடைப்பத்தை நிறுத்தியபோது மணி நாலு ஒன்று. துடைப்பம் பழசிலிருந்து ஆரம்பிக்கும்படி அவள் எழுதியிருந்தாள். அந்த வாரத்தில் பழசு திங்கட்கிழமை நகல். முதல் நாலு வினாடியிலேயே அது போயிருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள் கடிகாரம்.

"மூணு பத்துக்கு."

கடிகாரம் வானிலையைப் பார்த்தாள். அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "அப்பவே சொல்லியிருந்தா அரை நிமிஷ வேலைம்மா" என்றார். அதில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மத்ததைத் திங்கட்கிழமை பேசிக்கலாம். இப்ப நீ அங்க போ" என்றாள் கடிகாரம்.

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. போனில் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் பையில் போட்டாள். படியேறிப் போனபோது, அக்கா வெள்ளைப் பலகைக்கு முன்னால் போனும் கையுமாக நின்றிருந்தாள். பலகை பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் பழைய மையின் நீலக் கறை.

"ஏன்டி, லிங்க் திறக்க மாட்டேங்குது?"

பேன்சீப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அச்செடுத்து வந்த பதினேழு வீட்டின் தாள்களை மேஜையில் வைத்தாள். அக்கா அவற்றை ஒரு தடவை எண்ணினாள்.

"நான் பத்திரமான்னு கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்பவே சொல்லியிருந்தா நானும் இங்க இருக்கிற பொண்ணுங்களும் உக்காந்து எழுதியிருப்போம்டி. ஆளுக்குப் பத்து வீடு. முடிஞ்சிருக்கும்." கத்தவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து பலகையில் ஒன்று, இரண்டு என்று நாற்பத்து மூன்று வரை எண் போட்டாள். மிச்சம் இருபத்தாறு வீடு. நர்ஸுகளுக்கு ஞாபகம் இருப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். காலை ஆறரைக்கு முதல் ஊசி.

அதற்குள் போன் அடித்தது. ஒரு நர்ஸ். நாளைக்கு எந்த வீடு என்று பார்க்க முடியவில்லையாம்.

"எந்தங்கச்சி இங்கதான் இருக்கா. என்ன ஆச்சுன்னு அவளே சொல்லுவா" என்று அக்கா போனை அவள் கையில் கொடுத்தாள்.

பேன்சீப்பு சொன்னாள். பிறகு அந்த நர்ஸ் தனக்கு ஞாபகம் இருந்த இரண்டு வீட்டைச் சொல்லச் சொல்ல, அக்கா எழுதினாள். இன்னும் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.