ஒன்றரை இஞ்சுக் காயம்

அந்தத் திரைச்சீலைக் கடையில் தைப்பவள் பெரியவள், ஜன்னல் ஜன்னலாகப் போய் மாட்டுபவள் சின்னவள். கடை பெரியவளுடையது; வயசில்தான் பெரியவள், உயரத்தில் சின்னவளின் காதுக்குத்தான் எட்டுவாள். சின்னவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. அந்தக் கல்யாணம் நடந்த வாரத்திலிருந்தே இரண்டு பேருக்கும் ஆகாது. ஒருத்தி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தால் அந்தச் சத்தத்துக்கே மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் வேலை நடந்தது. கோபத்தோடு தைத்தாலும் தையல் தையல்தானே, கண்ணுகளா.

ஒரு நாள் ஓர் அலுவலகத்தில் கம்பி மாட்டிக்கொண்டிருந்த சின்னவள் ஏணியிலிருந்து விழுந்தாள். கையை ஊன்ற நேரமில்லை. இடது தோளே போய்த் தரையில் மோதியது. மூட்டுக்குச் சற்றுக் கீழே எலும்பு மூன்று துண்டு.

அறுவை செய்த டாக்டரம்மாவுக்கு முகத்தில் சிரிப்பு என்ற ஒன்றே கிடையாது. மறுநாள் காலை படுக்கைப் பக்கம் வந்து நின்று சொன்னார்.

"தோளை நீளமாத் திறக்கல. மேல ஒரு சின்ன வெட்டு, கீழ ஒரு சின்ன வெட்டு. மேல் வெட்டு வழியா தகட்டை விட்டு, சதைக்கு அடியில எலும்பை ஒட்டியே தள்ளிக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேல பார்த்துப் பார்த்து எட்டு ஸ்க்ரூ போட்டிருக்கு."

சின்னவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஸ்க்ரீன் தலைப்பை மடிச்சுத் தைச்சிருப்போம்ல டாக்டர், அந்தத் தையலைப் பிரிக்காம ஓரத்துலேர்ந்து கம்பிய நுழைக்கிற மாதிரி."

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்படித்தான். ஆனா உன் மடிப்புக்குள்ள குறுக்கால நரம்பு போகாது. இங்க ரெண்டு வெட்டுக்கும் நடுவுல போகுது. அதுல பட்டிருந்தா தோள் சதை வேலை செய்யாது. ஆறு வாரம் நீயா கையத் தூக்காதே."

"அப்புறம் தலைக்கு மேல போகுமா?"

அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தலைக்கு மேல் போகாத கையை வைத்துக்கொண்டு எந்த ஜன்னலில் கம்பி மாட்டுவது?

"என் வேலை முடிஞ்சது. மீதி உன் பாடு" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். அன்று சாயங்காலம் பெரியவள் வீட்டுக்கு வந்தாள். நலம் விசாரிக்க என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் சின்னவளின் தோளில் வைத்து அளந்தாள்.

"மேல ஒன்றரை இஞ்சு. கீழ ஒண்ணேகால். இதுக்கா ஆறு வாரம்?"

"எலும்பு மூணாப் போயிருக்கு அண்ணி."

"உள்ள இருக்கறத யாரு பார்த்தா?"

பெரியவளையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருஷமாகத் தையலின் நீளத்தைப் பார்த்தே வேலையை மதிப்பிட்டவள். நீளத் தையல் பெரிய வேலை, குட்டைத் தையல் சில்லறை வேலை. ஆளின் தோளையும் அதே டேப்பால் அளந்துவிட்டாள்.

"நாளைக்கு இவளைக் கடைக்குக் கூட்டிட்டு வா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"சும்மா உட்காரத்தானே சொல்றாங்க அக்கா" என்றான் அவன் பெண்டாட்டியிடம். அக்கா எதைச் சொன்னாலும் அவனுக்கு அது 'சும்மா'தான்.

கடையில் சின்னவள் தினம் மூன்று முறை மேசைமேல் வலது கையை ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு மெல்ல வட்டம் போடுவாள். டாக்டரம்மா கொடுத்த பயிற்சி.

"வர்றவங்கல்லாம் மிரண்டு போறாங்க. யானை தும்பிக்கைய ஆட்டுற மாதிரி."

"யானை தும்பிக்கையத் தூக்கவும் செய்யும் அண்ணி."

நாலாவது வாரம் கனமான திரை ஒன்று தயாரானது. "இந்தத் தலைப்பைச் சும்மா பிடி" என்று பெரியவள் அதைக் கொண்டுவந்து, கையைத் தாங்கியிருந்த பட்டையைத் தானே அவிழ்த்து, துணியை அந்தக் கையில் திணித்தாள். சின்னவள் விரலைக்கூட மடக்கவில்லை. பத்து மீட்டர் வெள்ளைத் துணி தரையில் சரிந்து எண்ணெய்க் கறையில் படிந்தது.

"கொழுப்பு."

"துணியத் துவைச்சுக்கலாம் அண்ணி" என்று சின்னவள் வலது கையால் பட்டையைக் கட்டிக்கொண்டாள். கடையில் எடுபிடியாக இருந்த தம்பி குனிந்து துணியைச் சுருட்டினான்.

ஆறாவது வாரம் பெரியவளும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாள். நடிப்பை டாக்டர் முன்னாலேயே உடைத்துக் காட்டிவிட வேண்டும் அவளுக்கு.

"இவ ஏமாத்துறா டாக்டர். காயம் ஒன்றரை இஞ்சுதான். நானே அளந்தேன்."

"நானும் அளந்துதான் வெட்டினேன்" என்றார் டாக்டரம்மா, எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரிசா வெட்டியிருந்தா எனக்கு வேலை சுலபம். சின்னதா வெட்டினதாலதான் ரெண்டு மணி நேரம் நின்னேன். நீங்க வெளிய உட்காருங்க."

பெரியவள் போகவில்லை. படத்தில் இருந்த ஸ்க்ரூக்களை உதடு அசைய எண்ணினாள். எட்டும் சரியாக இருந்தது. அதற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

டாக்டரம்மா பஞ்சால் தோளின் வெளிப்பக்கம் தொட்டார். "தெரியுதா?" "தெரியுது." "நரம்பு நல்லா இருக்கு. இனி தினம் சுவர்ல விரலை நடக்கவிடு. எட்டின இடத்துல பென்சில் கோடு போடு. அடுத்த நாள் அதுக்கு மேல."

வெளியே வந்ததும் பெரியவள் சொன்னாள்: "இன்னும் ஆறு வாரம் பார்ப்பேன். கை தலைக்கு மேல போகலைன்னா வேற ஆளு. ஒருத்தன்கிட்ட பேசி வச்சாச்சு."

முதல் கோடு மார்பு உயரத்தில், தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் விழுந்தது. சாயங்காலம் பெரியவள் ஈரத்துணியால் அதை அழித்தாள்.

"சுவரு என்னோடது."

"கோடு என்னோடது அண்ணி."

மறுநாள் மறுபடி கோடு, மறுபடி ஈரத்துணி. தம்பிதான் தவித்தான். "வீட்டுச் சுவர்ல போடேன்மா."

"அங்க அழிக்க ஆளில்லையே. யாராவது அழிச்சாத்தான் எனக்கு அடுத்த நாள் ஏறணும்னு தோணுது."

கோடு தாடைக்கு வந்தது. மூக்கு உயரத்தில் பதினோரு நாள் நின்றுவிட்டது. தோளுக்குள் துருப்பிடித்த கீல் திறப்பது போல் வலி. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டி நிற்பாள். பெரியவள் மெஷினை நிறுத்திவிட்டு, "என்ன, அவ்வளவுதானா?" என்பாள். உடனே ஆள்காட்டி விரல் ஒரு அரிசி அளவு மேலே போகும்.

பதினோராவது வாரம், ஒரு மத்தியானம், விரல்கள் நெற்றியைத் தாண்டி, உச்சியைத் தாண்டி, கை நீளும் மட்டும் மேலே போயின. சின்னவள் கோடு போட்டுவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தாள். இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியவள் ஈரத்துணியோடு வந்தாள். கையை நீட்டினாள். குதிகாலைத் தூக்கினாள். கோட்டுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரற்கடை.

"எழுந்திரு. முக்காலி வேணும்."

"உட்கார்ந்திருக்கேன் அண்ணி."

தம்பி ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருந்தான். அந்த ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

பெரியவள் ஒரு தரம் எம்பினாள். துணியிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அவள் சுவரைப் பார்த்தபடியே தம்பியிடம் சொன்னாள்:

"அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடு."

சொல்லிவிட்டு மறுபடியும் எம்பினாள்.